அறுபத்தொன்றாவது பெயர்

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பதாம் ஆண்டு மார்ச் மாதத்திலிருந்து வெர்பிவ்கா ஊரின் பிரசவ விடுதியில் பிள்ளை பெற்ற பெண்கள் எல்லோருக்கும் கண் விழித்தபோது கால் கணுக்கால்வரை நனைந்திருந்தது. ஓஸ்கில் ஆற்றுத் தண்ணீர்தான். பாசி வாசனையிலேயே தெரிந்துவிடும். விடுதிக்கும் ஆற்றுக்கும் நடுவே இரண்டு கிலோமீட்டர் இருக்கிறது, மார்ச்சில் ஆறு உறைந்து கல்லாகக் கிடக்கும். தரை துடைக்கிறவள் முதல் வாரம் கூரை ஒழுகுகிறது என்று புகார் எழுதிக் கொடுத்தாள். இரண்டாம் வாரம் கூரைமேல் ஆள் ஏற்றிப் பார்த்தாள். மூன்றாம் வாரம் கட்டிலுக்கு ஒரு சாக்கை விரித்துவிட்டு வேறு வேலை பார்க்கப் போய்விட்டாள்.

இதற்கெல்லாம் காரணம் டாக்டர் இலியா நவுமோவிச். பெண்களை வெறும் பேச்சாலேயே தூங்கவைத்து வலி தெரியாமல் பிரசவம் பார்க்கிறவர் என்று கார்க்கிவ் நகரத்திலிருந்து அனுப்பியிருந்தார்கள். ஒரு பெட்டி, ஒரு தகரத் தட்டு, சொட்டுச் சொட்டாக விழும்படி திருகிவைத்த ஒரு குழாய், இவ்வளவுதான் அவர் சாமான். நிறைமாதக்காரிகள் எட்டுப் பேரை நீலத் திரை போட்ட அறையில் வரிசையாகப் படுக்கவைப்பார். தகரத்தில் தண்ணீர் சொட்டும். இமை கனக்கிறது, கை கனக்கிறது, நீ ஓர் ஆற்றங்கரையில் இருக்கிறாய், வெயில் இதமாக இருக்கிறது என்று சொல்லிக்கொண்டே போவார். ஒரு மாதம் இப்படிப் பழக்கினால் பிரசவ வேளையில் பத்து எண்ணுவதற்குள் தூங்கிவிடுவார்கள். அவர் நகரத்து மனிதர். அவர் சொன்ன ஆற்றங்கரை எங்கோ ஓர் ஆரோக்கிய நிலையத்துச் சுவரில் தொங்கிய படத்தில் இருந்தது. ஆனால் வெர்பிவ்காக்காரிகளுக்கு ஆற்றங்கரை என்றால் ஒன்றே ஒன்றுதான். போர் மூண்ட நாற்பத்தொன்றாம் ஆண்டு ஜூலையில் பட்டாளத்து எழுத்தர் ஒருவர் படகுத்துறையில் நின்று காகிதத்தைப் பார்த்துப் பெயர் வாசித்தார். ஆம்பிளைகள் ஒவ்வொருவராக ‘இருக்கிறேன்’ என்று சொல்லிப் படகில் ஏறி, அக்கரையில் இருந்த ரயில் நிலையத்துக்குப் போனார்கள். பெண்கள் இக்கரையில் நின்றார்கள். டாக்டர் ஆற்றங்கரை என்றதும் அவர்கள் போய்ச் சேர்ந்தது அந்த அக்கரைக்குத்தான்.

தலைமை மருத்துவச்சி லுக்கேரியாவுக்கு அப்போது முப்பத்தெட்டு வயது. பதினைந்து வருடமாகக் கூச்சல் கேட்டுப் பழகிய காது அவளுடையது. முதல் பிரசவம் சத்தமே இல்லாமல் நடந்தபோது தாய் போய்விட்டாள் என்றே நினைத்து அவள் கன்னத்தில் நாலு தட்டு தட்டினாள். அந்தத் தாய் வார்க்கா. அடுத்த தெருக்காரி, வாய்க்குப் பூட்டு இல்லாதவள். முதல் புருஷன் திமிஷ் போரில் காணாமல்போனபின், டிராக்டர் ஓட்டும் யுக்கிமைக் கட்டிக்கொண்டு அவனுக்குத்தான் இந்தத் தலைப்பிள்ளையைப் பெற்றாள். டாக்டர் அவள் பெயரைச் சொல்லி, பத்திலிருந்து ஒன்றுவரை எண்ணி எழுப்பியதும் வார்க்கா குழந்தையைக் கேட்கவில்லை.

“அடிச்சது போதும் அக்கா, கேளு. அக்கரையில எல்லாரும் இருக்காங்க. என் திமிஷ் இருக்கான். என் வயித்தப் பாத்துட்டு ‘யாரோடது?’ன்னான். யுக்கிமோடதுன்னேன். ‘டிராக்டர் யுக்கிமா? அவன் குறட்டை விடுவானே’ன்னான். அவ்வளவுதான், வேற கோவம் ஒண்ணும் இல்ல.”

லுக்கேரியாவின் கையிலிருந்த குழந்தை வழுக்கப் பார்த்தது. “என் பனாஸ்?”

“இருக்கான். தொப்பிய முகத்துல கவுத்துக்கிட்டுப் படுத்திருக்கான். ஒரு கண்ணத் தொறந்து, ‘திரும்பப் பேரு எப்பக் கூப்பிடுவாங்க?’ன்னு கேட்டான். அங்க எல்லாரும் அதையேதான் கேக்குறாங்க. கேட்டுட்டு மறுபடி தூங்கிடுறாங்க.”

அக்கரையில் இருந்தவர்கள் மொத்தம் அறுபத்தொரு பேர் என்று பின்னால் வந்த பிரசவங்களில் தெரிந்தது. செத்துப்போனான் என்று காகிதம் வந்த வீட்டு ஆட்கள் யாரும் அங்கே இல்லை. தகவல் எதுவும் இல்லை, காணவில்லை என்று காகிதம் வந்த வீட்டு ஆட்கள் மட்டும் அப்படியே இருந்தார்கள், போன வயதிலேயே, போன சட்டையிலேயே. பனாஸ் போனபோது அவனுக்கு முப்பத்தொன்று, லுக்கேரியாவுக்கு இருபத்தொன்பது. மூன்று வருடம் குடித்தனம் நடத்தினார்கள், பிள்ளை இல்லை. அவன் படகில் ஏறிய அன்று ஒரு பெண்ணுக்கு இரட்டைப் பிள்ளை திரும்பிக்கொண்டு நின்றதால் அவள் துறைக்கே போகவில்லை. ஊரில் எல்லாப் பெண்களும் கையசைத்தார்கள், அவள் மட்டும் அசைக்கவில்லை. ஒன்பது வருடமாக அது அவள் நெஞ்சில் முள்ளாகத் தைத்துக்கொண்டிருந்தது.

ஆகவே அவளும் நீல அறையில் போய்ப் படுத்தாள். டாக்டர் அவளுக்கென்றே ஒரு மத்தியானம் முழுக்கப் பேசினார். அவள் தூங்கினாள், நன்றாகவே தூங்கினாள், எழுந்தபோது கால் காய்ந்து கிடந்தது. மூன்று முறை அப்படியே ஆனது. “வலி எங்கேயும் ஒழிஞ்சுபோறதில்ல, லுக்கேரியா. அது ஆளையும் கூட்டிக்கிட்டுப் போகுது. வலி இல்லாதவங்களை நான் தூங்கவைக்கலாம், அனுப்ப முடியாது” என்றார் டாக்டர். அவர் தனக்குத் தெரியாததைத் தெரிந்ததாகச் சொல்கிற ஆள் இல்லை. அன்றிலிருந்து பிள்ளை பெற்றவர்களின் ஈரக்காலைத் துடைக்கிற வேலையைத் தரை துடைக்கிறவளிடமிருந்து லுக்கேரியா வாங்கிக்கொண்டாள். துடைத்த துண்டை உடனே சலவைக்குப் போடமாட்டாள். யாரும் பார்க்காதபோது முகத்தை அதில் புதைத்து மூச்சை இழுப்பாள். சில நாள் அந்தப் பெண்கள்மேல் அவளுக்குப் பொறாமை பொங்கும், அவர்கள் முகத்தைப் பார்க்கவே பிடிக்காது. ஆனாலும் தொப்புள்கொடியை ஒழுங்காகத்தான் கட்டுவாள்.

அடுத்த வருடம் ஊரில் பிரசவம் இரண்டு மடங்கானது. இனி பிள்ளையே வேண்டாம் என்று சத்தியம் செய்தவர்கள்கூட வயிற்றைத் தள்ளிக்கொண்டு வந்து நின்றார்கள். வட்டாரத்திலிருந்து விடுதிக்குப் பாராட்டுச் சிவப்புக் கொடி கொடுத்தார்கள். அறுபத்துமூன்று வயது தொதோஸ்கா வயிற்றில் தலையணை கட்டிக்கொண்டு வந்தாள். டாக்டர் தொட்டுப் பார்த்தார், கையில் இறகு வந்தது. அவர் அவளையும் வரிசையில் படுக்கவைத்தார். அவள் காய்ந்த காலோடு எழுந்து, கஞ்சி குடித்து, தலையணையை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போனாள். அவளுடைய மகனும் அக்கரையில்தான் இருந்தான்.

லுக்கேரியாவுக்கு ஊரே யோசனை சொன்னது. ஊர் வாயை மூட உலைமூடி ஏது? கிடங்குக்காரன் ஒமேல்கோ பெண்டாட்டியை இழந்தவன், நல்லவன், குடிப்பதும் பண்டிகைக்கு மட்டும்தான். “அவனக் கட்டிக்கோ, ஒண்ணு பெத்துக்கோ, போய்ப் பாத்துட்டு வந்துடு” என்றாள் வார்க்கா, சந்தைக்குப் போய்வருவதைச் சொல்வதுபோல. ஒரு ஞாயிற்றுக்கிழமை ஒமேல்கோ இரண்டு ஜாடித் தேனோடு வந்து உட்கார்ந்தான். லுக்கேரியா தேநீர் போட்டாள். அவன் கையைப் பார்த்தாள். சுத்தமான, அடக்கமான கை. ஒரு மணி நேரம் பார்த்துவிட்டு ஒரு ஜாடியை வைத்துக்கொண்டு இன்னொன்றைத் திருப்பிக் கொடுத்து அனுப்பினாள். வார்க்கா கேட்டதற்கு, “பனாஸப் பாக்கப் போறதுக்கு இன்னொருத்தன் பிள்ளையையா சுமந்துக்கிட்டுப் போவேன்? நீ போவ, உனக்கு மனசு இரும்பு” என்றாள். “இரும்பு இல்லக்கா, பசி” என்றாள் வார்க்கா. அப்போது அவளுக்கு இரண்டாவது ஐந்து மாதம்.

தூங்கவைத்தவர்களைப் பெயரும் தகப்பன் பெயரும் சொல்லித்தான் எழுப்ப வேண்டும் என்பது டாக்டரின் கண்டிப்பான விதி. தினமும் அந்தப் பட்டியலை லுக்கேரியா எழுதி, கீழே விடுதியின் வட்ட முத்திரையைக் குத்தி அவர் கையில் கொடுப்பாள். முத்திரை இல்லாத காகிதத்தை எங்கள் ஊரில் யாரும் வாசிப்பதில்லை. முத்திரை இருந்தால் கடைசி வரிவரை வாசிக்காமல் விடுவதுமில்லை. ஐம்பத்திரண்டாம் ஆண்டு இலையுதிர் காலத்தில் ஒருநாள் அவள் கைத்தவறாக ஒருத்தியின் பெயரை விட்டுவிட்டாள். அந்தப் பெண் இரண்டு நாள் தூங்கினாள். தூக்கத்திலேயே பால் கொடுத்தாள், தூக்கத்திலேயே சூப் குடித்தாள், யார் உலுக்கியும் எழவில்லை. மூன்றாம் நாள் பட்டியலில் அவள் பெயர் வந்ததும் எழுந்து தலை சீவிக்கொண்டாள். லுக்கேரியா கையில் துண்டோடு அப்படியே நின்றுவிட்டாள். நாற்பத்தொன்றில் அந்த எழுத்தர் பெயர் வாசித்தார், ஆம்பிளைகள் போனார்கள். திரும்பி வர யார் வாசித்தார்கள்? ஒருவரும் வாசிக்கவில்லை. எழுப்பாமல் விட்டால் தூங்கிக்கொண்டேதானே இருப்பார்கள்?

அவள் யோசித்து முடிப்பதற்குள் வட்டாரத்திலிருந்து உத்தரவு வந்துவிட்டது. டிசம்பர் முதல் தேதியிலிருந்து கர்ப்பிணிகளைத் தூங்கவைக்கக் கூடாது. படம் காட்டி மூச்சுவிடக் கற்றுக்கொடுத்தால் போதும், விழித்திருந்தே பெறட்டும். அது நல்ல முறைதான், அதைக் குறை சொல்வதற்கில்லை. ஆனால் நவம்பர் இருபத்தொன்பதாம் தேதி காலையில் விடுதியில் வலி கண்டிருந்தவள் ஒரே ஒருத்தி, வார்க்கா, மூன்றாவது பிள்ளைக்கு. அதற்குப் பிறகு அக்கரைக்கு யாரும் போகப்போவதில்லை. தூங்குகிறவளின் காது வழியாக அக்கரைக்கு எட்டுகிற குரலும் இருக்கப்போவதில்லை.

லுக்கேரியா வார்க்காவின் கட்டிலோரம் உட்கார்ந்து பட்டியல் எழுத ஆரம்பித்தாள். வர்வாரா செமேனிவ்னா என்று வார்க்காவின் முழுப்பெயரை எழுதினாள். அடுத்து பனாஸ் தெமிதோவிச் என்று எழுத வேண்டும், முத்திரை குத்த வேண்டும், அவ்வளவுதான் அவள் மனதில் இருந்தது.

“என்னக்கா, ஒருத்திக்கு இவ்வளவு பெரிய தாளா?” என்றாள் வார்க்கா. வலிக்கு நடுவே எட்டிப் பார்த்தவளுக்குச் சொல்லாமலே புரிந்தது. “அக்கா, அப்ப திமிஷையும் எழுது!”

“உனக்குத்தான் யுக்கிம் இருக்கானே.”

“இருந்தா? அதுக்காக அவன் அங்கயே கிடக்கணுமா? எழுது.”

சமையல்காரி கேட்டுக்கொண்டிருந்தாள், அவளுக்கு ஓர் அண்ணன். தரை துடைக்கிறவளுக்கு அப்பா. அரைமணி நேரத்தில் விடுதி முற்றத்தில் ஊர்ப் பெண்கள் நின்றார்கள், தொதோஸ்கா எல்லோருக்கும் முன்னால். லுக்கேரியா எழுதினாள், ஏழு தாள். ரொட்டி வரிசைகளில் பட்டியல் எழுதுகிறவள் தன் பெயரைக் கடைசியில்தான் எழுதுவாள்; முதலில் எழுதினால் வரிசையே அவளை நம்பாது. போர்க்காலம் முழுக்கப் பழகிய கை அது. அந்தப் பழக்கத்தில் அவள் பனாஸை அறுபத்தொன்றாவதாக எழுதினாள்.

வார்க்கா தூங்கினாள், பதினொரு மணிக்குப் பெண் குழந்தை பிறந்தது. டாக்டர் பட்டியலை வாங்கி வார்க்காவின் பெயரை வாசித்தார். எண்ணவில்லை, அடுத்த பெயரைப் பார்த்தார். முத்திரையைப் பார்த்தார். லுக்கேரியாவைப் பார்த்தார். போரில் கொல்லப்பட்ட அவருடைய வீட்டார் பன்னிரண்டு பேர். அவர்கள் எந்தப் பள்ளத்தில் கிடக்கிறார்கள் என்பது அவருக்குத் துல்லியமாகத் தெரியும், பட்டியலில் சேர்க்க அவரிடம் ஒரு பெயர்கூட இல்லை. “தண்ணி கொண்டாங்க” என்றார். அப்புறம் வாசிக்க ஆரம்பித்தார். ஒவ்வொரு பெயருக்கும் முறைப்படி எல்லாவற்றையும் சொன்னார்: கை லேசாகிறது, கால் லேசாகிறது, தலை தெளிவாகிறது, பத்து, ஒன்பது, எட்டு. எதையும் சுருக்கவில்லை. ஒரு பெயருக்கு மூன்று நிமிடம் ஆனது. நாற்பதாவது பெயரில் குரல் கரகரத்தது, ஐம்பதில் உடைந்தது. லுக்கேரியா பால் காய்ச்சிக் கொடுத்தாள், ஒமேல்கோவின் தேனைக் கலந்து கொடுத்தாள். அறுபதுவரை குரல் தாங்கியது. பனாஸ் தெமிதோவிச் என்று சொல்ல அவர் வாயைத் திறந்தபோது காற்றுதான் வந்தது. அந்தக் காற்றாலேயே பத்திலிருந்து ஒன்றுவரை எண்ணினார், உதடு மட்டும் அசைந்தது. கட்டிலோரம் நின்ற லுக்கேரியாவுக்கே காதில் விழவில்லை. கடைசியாகத்தான் வார்க்கா கண் திறந்தாள்.

ஒன்பதாம் நாள் முதல் ஆள் வந்தான், கோடைச் சட்டையோடு பனியில் நடந்து. அதன்பிறகு வந்துகொண்டே இருந்தார்கள், வாரத்துக்கு ஒருவர், சில மாதம் ஒருவரும் இல்லை, ஆனால் பட்டியலில் இருந்த வரிசை தப்பாமல். யாருக்கும் ஒரு நரை இல்லை. தொதோஸ்கா மகனுக்கு ஊட்டிவிட்டே அவனைக் குண்டாக்கினாள். திமிஷ் இரண்டாவதாக வந்தான். வார்க்காவின் மூன்று பிள்ளைகளும் பிறந்தபோது அக்கரையிலிருந்து பார்த்தவன் அவன்தான், ஆகவே பெயர் கேட்காமலே மூன்று பேருக்கும் நாணல் விசில் கொண்டுவந்திருந்தான். அவனும் யுக்கிமும் முதல் நாள் வேலியோரம் நின்று முறைத்தார்கள், இரண்டாம் நாள் புகையிலை பங்கிட்டார்கள், மூன்றாம் நாள் சேர்ந்து கூரை வேய்ந்தார்கள். வார்க்கா பிள்ளைகளோடு அடுப்புப் பக்கம் படுத்துக்கொண்டு இருவரையும் திட்டினாள். ஊர் கொஞ்ச நாள் சிரித்தது, அப்புறம் வேறு பேச்சுக்குப் போய்விட்டது.

அறுபதாவது ஆள் ஐம்பத்தைந்தாம் ஆண்டு ஆகஸ்டில் வந்தான். அன்று மாலையே லுக்கேரியா வீட்டுக்குச் சுண்ணாம்பு அடித்தாள், பனாஸின் சட்டையைத் துவைத்துப் போட்டாள், ஒரு கோழியைக் கழுத்துத் திருகிச் சமைத்தாள். அவன் வரவில்லை. கோழியை வார்க்காவின் பிள்ளைகள் தின்றார்கள். ஒரு மாதம், ஒரு வருடம், மூன்று வருடம் போனது. ஞாயிறுதோறும் துறைக்குப் போய் அவளே நின்று கத்திப் பார்த்தாள். அக்கரையில் கொக்குதான் பறந்தது. கார்க்கிவுக்குத் திரும்பிப்போயிருந்த டாக்டருக்குக் கடிதம் போட்டாள். தனக்கு அன்று போன குரல் திரும்பவே இல்லை, இப்போது சிலேட்டில் எழுதித்தான் பேசுகிறேன், என்னை மன்னித்துவிடு என்று பதில் வந்தது. மன்னிக்க அவரிடம் என்ன குற்றம்? குற்றம் தன் கையில்தான் என்று லுக்கேரியாவுக்குத் தெரியும். “மரியாதை பாத்தே மோசம்போனேன், வார்க்கா. மூணாவதா எழுதியிருந்தா யாரு என்னைத் தூக்குல போட்டிருக்கப் போறாங்க?” என்று சொல்லிச் சொல்லி அழுவாள். வாயாடி வார்க்கா அப்போதெல்லாம் பக்கத்தில் உட்கார்ந்திருப்பாள். லுக்கேரியாவுக்குத் தலை நரைத்தது, முன்பல் இரண்டு விழுந்தது. கண்ணாடியில் தன்னைப் பார்க்கும்போதெல்லாம், அவன் வந்துவிட வேண்டுமே என்று ஒருபக்கம் மனம் தவித்தது, இந்த முகத்தைப் பார்க்கவா வருவான் என்று இன்னொருபக்கம் பயந்தது.

அறுபத்துமூன்றாம் ஆண்டு மே மாதம், மத்தியானம், அவள் கொல்லையில் உருளைக்கிழங்கு நட்டுக்கொண்டிருந்தாள். வேலிக்கு வெளியே முப்பத்தொரு வயது ஆள் ஒருவன் தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றான்.

“அம்மா, லுக்கேரியா வீடு இதுதானே? எங்க, பிரசவம் பாக்கப் போயிருக்காளா?”

அவள் நிமிர்ந்தாள். கையில் மண். “போகல. நான்தான், பனாஸ்.”

அவன் வெகுநேரம் பார்த்தான். புருவத்தில் ஆரம்பித்து ஒவ்வொன்றாகப் பார்த்தான். அப்புறம் மன்னிப்புக் கேட்கிற குரலில் சொன்னான், “கூப்பிட்டது சரியாக் கேக்கல. யாரோ காதுல ஊதுன மாதிரி இருந்துச்சு. என்னையா, வேற யாரையாவதான்னு யோசிச்சுக்கிட்டே படுத்துட்டேன்.”

“எவ்வளவு நேரம் யோசிச்ச?”

“கொஞ்ச நேரந்தான்.”

“அடப் பாவி, பத்தரை வருஷம்!” என்று கத்தினாள். கையிலிருந்த கிழங்கை அவன்மேல் எறிந்தாள், சிரித்தாள், வேலியைப் பிடித்துக்கொண்டு ஓவென்று அழுதாள். அவன் உள்ளே வந்து மண்வெட்டியை எடுத்து மீதி வரிசையை நட்டு முடித்தான்.

அதன்பிறகு சந்தையில் வெளியூர்க்காரர்கள் “உங்க பையனா?” என்று கேட்பார்கள். பனாஸ் “என் பெண்டாட்டி” என்பான், அவர்கள் சிரிப்பார்கள். இரண்டு மாதத்தில் லுக்கேரியா அவனோடு வெளியே போவதை நிறுத்திவிட்டாள். முக்காட்டைப் புருவம்வரை இழுத்துக்கொண்டு, தலைவலி என்றாள். பக்கத்தில் இருந்தும் அவள் அவனுக்காக ஏங்கியது முன்னைவிடக் கொடுமையாக இருந்தது. பனாஸ் அதைக் கவனித்தான். முதல் பனி விழுந்த வாரம் அவன் கிருதா நரைத்தது. மாவு ஒட்டியதுபோல அல்ல, நிஜ நரை. முடிதிருத்துகிறவன் பார்த்துச் சொன்னான். கிறிஸ்துமஸுக்குள் நெற்றியில் மூன்று கோடு விழுந்தது, வசந்தத்தில் முழங்கால் வலித்தது, கடைவாய்ப்பல் ஒன்று ரொட்டியோடு வந்தது. கம்பவுண்டர் மாதம் ஒரு வயது கூடுகிறது என்று அட்டையில் குறித்துவைத்துக்கொண்டு, இதற்கு மருந்து இல்லை என்றார். மருந்து கேட்கவில்லையே என்றான் பனாஸ். ஞாயிறுதோறும் ஜன்னல் வெளிச்சத்தில் முகத்தை அவளிடம் காட்டி, “இப்ப?” என்று கேட்பான். அவள் கன்னத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, “இன்னும் கொஞ்சம்” என்பாள். அறுபத்தைந்தாம் ஆண்டு ஜூனில் ஒரு ஞாயிற்றுக்கிழமை அவன் அப்படிக் காட்டியபோது, கண்ணோரச் சுருக்கத்தை விரலால் தடவிப் பார்த்துவிட்டு, “போதும், நில்லு” என்றாள். அவன் நின்றான். அன்றிலிருந்து இருவருக்கும் வருடத்துக்கு ஒரு வயதுதான் கூடியது.